இமைக்கும் திரை

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் மாலை, எங்கள் மகனின் கணிப்பொறித் திரை முதன்முறையாக இமைத்தது. அணைந்தது என்று சொல்ல முடியாது. அணைந்த விளக்கை மறுபடியும் யாராவது ஏற்ற வேண்டும். இது தானாக இருண்டது, ஒன்றிரண்டு நொடி இருளிலேயே இருந்தது, தானாகவே மீண்டது. மீண்டபோது எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தன. மறுநாள் 3 முறை. அதற்கடுத்த நாள் எத்தனை முறை என்று நாங்கள் எண்ணவில்லை. அவன் எண்ணியிருக்கிறான் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

ஈரோட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில், 1986இல் எங்கள் பெரியவர்கள் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். எங்களில் ஒருவர் கல்லூரியிலும் மற்றவர் பள்ளியிலும் தமிழ் கற்பிக்கிறவர்கள். மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கினால் விளையாட்டுக்குரிய கணிப்பொறி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். அவன் வாங்கினான், நாங்களும் சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடிப் பக்கம் வைத்த கறுப்புப் பெட்டி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள், தனியாகக் கிராபிக்ஸ் அட்டை, நொடிக்கு 144 முறை படம் மாற்றும் திரை. வாங்கிய நாள் முதலே அதன்மேல் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. மூன்றாம் பருவத் தேர்வில் அவனுக்கு 2 அரியர் விழுந்தபின், அந்த மனத்தாங்கலுக்குச் சான்றும் கிடைத்துவிட்டது. கோடை விடுமுறையில் அதை விற்றுவிடுவது என்று எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம். அவனிடம் சொல்லவில்லை.

எனவே திரை இமைக்கிறது என்று அவன் வந்து சொன்னபோது, அதை ஒரு பழுதாக நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. "அந்த ரெண்டு செகண்டுல நான் செத்துப் போயிடறேன்" என்றான். விளையாட்டில் சாவதைச் சொன்னான். இறந்தார் என்பதையே துஞ்சினார் என்று மங்கலமாகச் சொல்லப் பழகிய வீட்டில் அந்தச் சொல் எரிச்சலை மூட்டியது. விளையாடாமல் பாடத்தைப் படித்தால் எந்தத் திரை இருண்டால்தான் என்ன என்று கேட்டோம். தலைவலிக்கிறது என்று சொன்னபோது கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கண்ணில் குறையில்லை என்று அவர் சொன்னதும் எங்களுக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

நாங்கள் வளர்ந்த காலத்து மினுக்கங்கள் வேறு. குழல்விளக்கு மினுக்கினால் நாற்காலி போட்டு ஏறி ஸ்டார்ட்டரைத் திருகுவோம். தொலைக்காட்சி நெளிந்தால் ஒருவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, ஒருவர் முற்றத்தில் நின்று "தெரியுது, தெரியல" என்று குரல் கொடுப்பார். அதுவும் பயன்படாவிட்டால் பெட்டியின் தலையில் ஒரு தட்டு. எந்தக் கருவிக்கும் இம்மூன்றில் ஒன்று போதும் என்று நம்பியவர்கள் நாங்கள். அவன் திரையையும் ஒருமுறை தட்டிப் பார்த்தோம். "ஐயோ, தட்டாதீங்க" என்று அவன் குறுக்கே கைவைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

அவன் செய்துகொண்டிருந்தது இன்னதென்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. பின்னர் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறோம். திரை மினுக்கம் என்பது ஒரே நோயன்று. பின்னொளி ஒரே சீராக எரியாமல் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிவதால் கண்ணை உறுத்தும் மினுக்கம் ஒன்று. கிராபிக்ஸ் அட்டை படம் தரும் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு; அவ்வேகம் ஏறி இறங்கும்போது ஒளியும் கூடிக்குறைவது இன்னொன்று. மென்பொருள் தடுமாறி மீள்வது மூன்றாவது. கணிப்பொறிக்கும் திரைக்கும் இடையே செய்தி அறுபட்டு, திரை இருண்டு, இரண்டும் மறுபடி கைகோத்துக்கொள்வது நான்காவது. முதலில் இது எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும்.

அவன் பிரித்தறிந்திருக்கிறான். விளையாட்டில் மட்டுமா, வெறும் திரையிலுமா என்று பார்த்தான், இரண்டிலும் வந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் பார்த்தான். அது மட்டும் நிலையாக நின்று மற்றவை மினுக்கினால் குறை ஏதோ ஒரு செயலியில், அதுவும் சேர்ந்து மினுக்கினால் பெரும்பாலும் டிரைவரில் என்பது விண்டோஸில் வழக்கமாகச் சொல்லப்படும் முதற்சோதனை. எல்லாம் சேர்ந்தே மறைந்தன. பழைய டிரைவரை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினான். வேகம் மாறும் வசதியை நிறுத்தினான். 144ஐ 60 ஆகக் குறைத்தான். இமைப்பது குறைந்தது, நிற்கவில்லை. இருளும்போதெல்லாம் 'சிக்னல் இல்லை' என்ற வாசகம் சிலவேளை திரையில் தோன்றுவதைக் கவனித்தான். அந்த வாசகத்தைக் காட்டத் திரைக்கு உயிர் இருக்கிறது. ஆகவே திரையும் அதன் பின்னொளியும் நலமே, நோய் வழியில்தான் என்று முடிவுக்கு வந்தான். நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்யச் சொல்லும் குறளை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவர்கள் நாங்கள். எங்கள் வீட்டின் ஓர் அறையில் அக்குறள் நடந்துகொண்டிருந்தது; நாங்கள் பார்க்கவில்லை.

வேறு கேபிள் வாங்க வேண்டும் என்று பணம் கேட்டான். முதலில் கடைக்காரர் பார்க்கட்டும் என்றோம். பெட்டியும் திரையும் கடைக்குப் போயின. 2 நாள் இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறார்கள்; ஒருமுறைகூட இமைக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர், கூலிகூட வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அன்று மாலையே திரை இமைத்தது.

அன்று நாங்கள் சொன்னதை மறைக்காமல் எழுத வேண்டும். "கடையில 2 நாள் ஓடியிருக்குது. உன் ரூமுக்கு வந்தா மட்டும் கெட்டுப் போகுதா? புது மானிட்டருக்கு அடி போடறயா கண்ணு?" என்று கேட்டோம். கண்ணு என்று சேர்த்துச் சொன்னதால் கேள்வியின் கூர் மழுங்கிவிடாது. அவன் பதில் சொல்லவில்லை. அதன்பின் ஏறத்தாழ 15 நாள், சாப்பிட வா என்றால் வருவதும் போய்வருகிறேன் என்று சொல்லிப் போவதுமாக, வேண்டிய சொற்களை மட்டும் பேசினான். பொய்யன் என்று எந்தச் சொல்லாலும் நாங்கள் சொல்லவில்லை. குறிப்புப் பொருளும் பொருள்தான் என்று வகுப்பில் கற்பிக்கிறோம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 40 பக்க நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். "ஒரு நிமிசம் ரெண்டு பேரும் ரூமுக்கு வாங்க" என்றான். நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்தான். நாள், நேரம், என்ன ஓடியது, எத்தனை வேகம், ஏசி ஓடியதா, அறையில் யார். மொத்தம் 63 பதிவுகள். கடைசிக் கட்டத்தை மட்டும் வாசித்துக்கொண்டே போனோம். அம்மா எழுந்தாங்க. அப்பா எழுந்தாங்க. அப்பா எழுந்தாங்க. அம்மா உக்காந்தாங்க. அம்மா எழுந்தாங்க. பக்கம் பக்கமாக அதுவே இருந்தது. எவரும் அறையில் இல்லாத பதிவு ஏழோ எட்டோதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவன் அறைக்கு ஏசி வைத்தோம். வீட்டில் ஏசி உள்ள ஒரே அறை அது. விடைத்தாள் திருத்தவும் தேர்வு வேலைகளுக்கும் மாலையில் நாங்களும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வோம். முதுகுவலிக்கு இதமாக இருக்கட்டும் என்று, ஏற்றி இறக்கும் வசதியுள்ள சக்கர நாற்காலி ஒன்றைப் பழைய அலுவலகச் சாமான் விற்குமிடத்தில் வாங்கி அவ்வறையில் போட்டிருந்தோம். கால் மணிக்கொரு முறை எழுவதும், அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவதுமாக இருப்போம். அவன் மரநாற்காலியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பான்.

"நம்பாட்டி நீங்களே பண்ணிப் பாருங்க" என்றான். ஏசியை ஓடவிட்டு, அந்த நாற்காலியில் ஒரு நிமிடம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தோம். திரை இமைத்தது. மறுபடி உட்கார்ந்து எழுந்தோம். இமைத்தது. 10 முறையில் 7 முறை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு 10 முறை; ஒன்றுமில்லை. கடையில் ஏன் இமைக்கவில்லை, மெக்கானிக் வந்து நின்றபோது ஏன் இமைக்கவில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எங்கள் உடலிலேயே இருந்தது.

நோட்டின் முதல் பக்கங்களிலேயே இது தெரிந்திருக்கிறதே, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டோம். "மானிட்டர் கெட்டுப் போச்சுன்னா பொய்ங்கறீங்க. உங்களாலதான் கெட்டுப் போகுதுன்னா என்ன சொல்லுவீங்க?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. 63 பதிவுகள் சேரும்வரை அவன் பொறுத்திருந்தது ஆராய்ச்சிக்காக மட்டுமன்று என்பது அப்போது புரிந்தது. பெற்றவர்களிடம் ஒரு சொல் சொல்வதற்கு ஒரு பிள்ளைக்கு 63 சான்றுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இதில் மாயம் ஏதுமில்லை. துணியும் நாற்காலியின் உறையும் உரசிப் பிரியும்போது நிலைமின்னூட்டம் சேர்கிறது. வாயுத்தண்டின் உலோகப் பகுதிகளுக்கிடையே அது சிறு பொறியாகத் தாவுகிறது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஆனால் அப்பொறி ஒரு கணம் வானொலி நிலையமாகிவிடுகிறது. பக்கத்தில் செல்லும் கேபிளின் கவசம் மட்டமானதாக இருந்தால், அது ஆன்டெனாவாகி அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் மின்னூட்டம் கசியாமல் தங்குகிறது. மழைக்காலத்தில் இது வந்திருக்காது. திரைக்கருவிகளுக்கான தொழில்நுட்பம் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே இத்தகைய நாற்காலிகளில் உட்கார்ந்து எழுவதால் படம் அறுபடுவதுண்டு என்று தன் பயனர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. எங்கள் மகன் அதை வாசித்துக் காட்டியபோது, எங்களைப் போன்றோர் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. இச்செய்தி எங்களுக்குத் தெரிந்ததுதான். தூர்தர்ஷன் காலத்தில் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்த்துக்கொண்டிருக்கையில், தெருவில் ஒரு மொபெட் போனால் போதும், திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் சிதறும். வண்டி கடந்ததும் தெளியும். இஞ்சினில் தெறிக்கும் பொறியை ஆன்டெனா வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அன்று வண்டிக்காரரை நாங்கள் திட்டினோம். பெட்டி பொய் சொல்கிறது என்று சொல்லவில்லை. இன்று அந்த மொபெட் நாங்களே என்பது மட்டும் தோன்றாமல் போயிற்று.

அன்றைய படம் புள்ளிபட்டுத் தெளியும். இன்றைய படம் ஏன் முழுதாக மறைகிறது என்று கேட்டோம். கணக்குப் போட்டுக் காட்டினான். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்துக்கென்று 24 பிட்டுகள். நொடிக்கு 144 படங்கள். ஆக, நொடிக்கு 716 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் அந்த ஒற்றைக் கேபிளில் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் தாளத்தைத் திரை ஓரிடத்தில் தவறவிட்டால், அரைகுறையாகக் காட்டாது. நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து கணிப்பொறியோடு ஒத்திசைந்துகொள்ளும். அந்த ஒன்றிரண்டு நொடிதான் இருள். கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் மாத்திரைக்கு அளவாகச் சொன்னது தொல்காப்பியம். நாம் ஒருமுறை இமைக்கப் பத்தில் ஒரு நொடி ஆகிறதென்று கொண்டாலும், அதற்குள் அத்திரை 14 படங்களை மாற்றிவிடுகிறது. நம் இமைப்புகள் நமக்குத் தெரிவதில்லை. அதன் இமைப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

நாற்காலியை வெளியே தள்ளிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவன் முடிக்கவில்லை. யாரும் இல்லாதபோதும் ஏழெட்டு முறை இமைத்திருக்கிறதே என்றான். பிறகு, "அப்பப்ப கேபினெட்டத் தொட்டா சுர்ருங்குதுன்னு சொன்னனே, ஞாபகம் இருக்குதா?" என்றான். நினைவிருந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார் என்று சொல்லியிருந்தோம்.

மறுநாள் எலக்ட்ரீசியனை வரவழைத்தோம். அவர் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார். பல்பு எரியவில்லை. சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினார். "எர்த்தே இல்லீங்களே டீச்சர். பின்னு இருக்குது, பின்னால ஒயரே இல்லீங்க" என்றார். மூன்று துளையுள்ள அந்தப் பிளக் பாயின்ட் எத்தனையோ ஆண்டுகளாக இரண்டு துளையாகவே இருந்திருக்கிறது. வீட்டின் பின்புறம் எர்த் குழியைப் பார்த்தார். மண் பாளமாக வெடித்திருந்தது, கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. பெரியவர்கள் இருந்தவரை கோடையில் அக்குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதுமில்லை. அவர்கள் மறைந்தபின் ஊற்றியதுமில்லை.

எலக்ட்ரீசியன் விளக்கியதும் மகன் விளக்கியதும் ஒன்றாகவே இருந்தன. கணிப்பொறியின் மின்வழங்கிக்குள், இரைச்சலை வடிகட்டுவதற்காக இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோகக் கூட்டுக்குச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கூடு ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது. சுர்ரென்று கூசுவதோடு சரி. ஆனால் உள்ளே ஏதேனும் ஒரு கம்பியின் காப்பு கிழிந்து கூட்டைத் தொட்டால், 230 வோல்ட்டும் கூட்டில் நிற்கும்; அதை வாங்கிக்கொள்ள மண்ணுக்கு வழியிருக்காது, தொடுகிற கைதான் வழி. அறையின் நடுவே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஒரு நொடி அறை முழுவதும் இருண்டதுபோல இருந்தது. இரண்டு நொடியில் செத்துப்போகிறேன் என்று அவன் சொன்ன சொல்லை, அமங்கலம் என்று கடிந்த சொல்லை, அப்போது நினைத்துக்கொண்டோம்.

கரியும் உப்பும் போட்டுப் புதிய எர்த் குழி எடுக்கப்பட்டது. வீடு முழுக்கப் பச்சைக் கம்பி இழுத்தார்கள்; கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்தச் சொன்னோம். எர்த் வந்தபின் சோதனையைத் திரும்பச் செய்தோம். 10 முறையில் 2 முறை இமைத்தது. எவருமில்லாத வேளையில் வந்த இமைப்புகள் நின்றுவிட்டன. பிறகு அவன் முதலிலேயே கேட்ட கேபிளை வாங்கினோம். நல்ல கவசமுள்ளது, பழையதில் பாதி நீளம், விலை 900 ரூபாய். மறுபடி 10 முறை உட்கார்ந்து எழுந்தோம். ஒருமுறைகூட இமைக்கவில்லை. மார்ச்சிலேயே அந்த 900 ரூபாயைக் கொடுத்திருந்தால் திரை சரியாகியிருக்கும். எர்த் இல்லாதது தெரியாமலே போயிருக்கும். இதை எண்ணும்போது எது நல்லது எது கெட்டது என்று சொல்லத் தெரியவில்லை. அவனை நம்பாததற்கு இது சமாதானம் ஆகாது என்பது மட்டும் தெரிகிறது.

வகுப்பில் தன்மைப் பன்மை நடத்தும்போது, நாங்கள் என்பது கேட்பவரை விலக்கி நிற்கும், நாம் என்பது அவரையும் உளப்படுத்திக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். இந்தக் கட்டுரை முழுக்க நாங்கள் என்றே எழுதி வந்திருக்கிறோம், நடந்தது அப்படித்தான். குற்றம் சாட்டும்போது பெற்றோர் இருவரும் ஒரே ஆளாகி, யார் எதைச் சொன்னது என்று பிரிக்க முடியாத பன்மைக்குள் ஒளிந்துகொள்ள முடிகிறது. அவன் ஒருமையாகவே நின்றான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோமா என்றால், அந்தச் சொல்லால் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை. கணிப்பொறியை விற்க நினைத்திருந்ததைச் சொன்னோம். "தெரியும்" என்றான். அரியரில் ஒன்றை அந்தப் பருவத்திலும் மற்றொன்றை அடுத்த பருவத்திலும் முடித்தான். விளையாட்டை விடவில்லை. எர்த் குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது இப்போது அவன் வேலை.

மாலையில் அவன் அறையில் உட்கார்ந்து இன்றும் விடைத்தாள் திருத்துகிறோம். அந்தச் சக்கர நாற்காலியும் அங்கேதான் இருக்கிறது. தள்ள வேண்டாம், இனி அதனால் ஒன்றும் ஆகாது என்று அவனே சொல்லிவிட்டான். ஆனாலும் எழுந்திருக்கும் முன் எங்கள் பார்வை ஒருமுறை திரைக்குப் போய்வருகிறது. "எந்திரிங்க, ஒன்னும் ஆகாது" என்று அவன் திரும்பாமலே சொல்கிறான்.